சீதன வீடும் ‘நன்றி கெட்ட’ பிள்ளைகளும்

பெரியநீலாவணையிலும் அதனைச் சூழ்ந்த கல்முனைக் கரையோர ஊர்களிலும் முதுமையெய்திய தாய் தந்தையர் படும் அவலம் குறித்து எழுகின்ற பேச்சுக்கள் யாவும் ஒரே தீர்ப்பிலேயே வந்து முடிகின்றன. பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள் என்பதே அத்தீர்ப்பு. கோயில் திருவிழாச் சொற்பொழிவிலும், வெள்ளிக்கிழமைக் குத்பாவிலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாத் தலைமையுரையிலும், ஒக்டோபர் முதலாந் திகதி முதியோர் தினத்தன்று நிகழ்த்தப்படும் உரைகளிலும் இதுவே சொற்கள் மாறி, பொருள் மாறாது ஒலிக்கின்றது. அந்நியப் பணம் வந்தது, கைத்தொலைபேசி வந்தது, பாசம் போயிற்று என்பர். இத்தீர்ப்புக்கு ஒரு வசதி உண்டு. இதனை வழங்குவோர் எவரும் தம் வீட்டுறுதியை எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அவ்வுறுதியைப் புரட்டிப் பார்ப்பது நன்று. ஏனெனில், இப்பகுதியிற் பெற்றோர்க்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இடையே விழுகின்ற பிளவு பெரும்பாலும் மனத்திலே தொடங்குவதன்று. அது நொத்தாரிசின் மேசையிலே தொடங்குகின்றது. மகளின் கலியாணத்துக்கு முன்னர், வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படும் அந்த நாளிலே, ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதியர் தமக்கென ஒரு முழக் காணியும் இல்லாதவராகின்றனர். அன்று முதல் அவர்கள் உண்பதும் உறங்குவதும் மகளின் அன்பையும் மருமகனின் பொறுமையையும் நம்பியே. அன்பு பெரியது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு வீட்டின் கூரையைத் தாங்குவதற்கு அன்பை வளையாகவும் தூணாகவும் நிறுத்தச் சொல்வது அன்புக்குச் செய்யும் கொடுமையாகும்.

கிழக்குக் கரையின் சமூக அமைப்பை அறியாத வட பகுதி மாணவர்க்கும் மலையக மாணவர்க்கும் இங்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் குடி என்னும் அமைப்புத் தாய் வழியாகவே தொடர்கின்றது. கலியாணமானதும் மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்கின்றான். அவ்வீடு அவளுடைய சீதனம். மதத்தாலும் வழிபாட்டாலும் வேறுபட்ட இரு சமூகங்கள் இந்த ஒன்றில் அயல் வீட்டார் போலவன்றி ஒரு வீட்டார் போலவே ஒழுகுவதை, அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்றே 2008 இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். இதன் வேர் பழையது. முக்குவர் சட்டத்தின்படி முதுசொத்து ஒருவனுடைய சொந்தப் பிள்ளைகளையன்றிச் சகோதரியின் பிள்ளைகளையே சேர்ந்தது. அச்சட்டத்தைப் பிரிட்டோ 1876 இல் நூலாக்கினார். அதே ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் வலுவைப் போக்கிற்று. நூலாக எழுதப்பட்ட ஆண்டிலேயே ஒரு வழமை சாகத் தொடங்கிய விந்தை அது. எனினும் தாய் வழிச் சொத்து என்னும் கருத்து மட்டும் சாகவில்லை. அது சீதனத்துக்குள் புகுந்து கொண்டது.

1707 இல் ஒல்லாந்தராட்சியின் கீழ்த் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையோடு இதனை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். அங்கும் பெண்ணுக்குச் சீதனம் உண்டு. ஆனால் ஆண்மக்கள் கலியாணத்துக்கு முன் ஈட்டியது குடும்பப் பொதுச் சொத்தைச் சேரவேண்டும் என்பதை அவ்வழமை எழுத்திலேயே வைத்தது. மகனின் உழைப்பு எங்கே போயிற்று என்பதற்கு அங்கு ஒரு கணக்கு இருந்தது. கிழக்கில் மகன் உழைத்தான், சகோதரியின் வீடு எழுந்தது; கணக்கோ எங்கும் எழுதப்படவில்லை. இதன் விளைவு பின்னர் காணப்படும்.

பழைய நாளில் இவ்வமைப்புப் பெற்றோரைத் தெருவில் விட்டதில்லை என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டே பழமை போற்றுவோர் வாதிடுகின்றனர். ஆயினும் ஏன் விடவில்லை என்று அவர்கள் கேட்பதில்லை. வளவு பெரிதாயிருந்தது. மூத்த மகளுக்குக் கல்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவின் மூலையில் ஒரு சிறு வீட்டையோ கொட்டிலையோ போட்டுக்கொண்டனர்; அடுத்த மகள் வளர்ந்ததும் அதற்கு அப்பால் இன்னொன்று. ஒரே கிணறு, ஒரே வேலி, அடுப்பு மட்டும் வேறு. கடைசி மகளோடு கண் மூடுவது வழமை. எல்லாவற்றுக்கும் மேலாக, மேற்கே வட்டையில் இருந்த வயல் கடைசி மகளின் கலியாணம் வரையில் தகப்பனின் கையில் இருந்தது. மருமக்கள் அவரிடமே வயல் செய்தனர். விதைப்புக்கும் வெட்டுக்கும் அவர் சொல்லையே கேட்டனர். போடியாரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு அவருடைய நெல்மூடைகளுக்கு இருந்த மதிப்பே. பாசம் என்று இன்று நினைவுகூரப்படுவதிற் செம்பாதி அந்த வயலின் மீது பெற்றோர்க்கு இருந்த பிடியாகும். மறு பாதி பாசந்தான்; அதனை மறுப்பார் யார்? பெரியநீலாவணையிற் பிறந்து 1975 இல் மறைந்த கவிஞர் நீலாவணன், தம் மண்ணின் உழவர் வாழ்வைக் காவியமாக்க எண்ணியபோது அதற்கு ‘வேளாண்மை’ என்று பெயரிட்டார். அச்சொல்லுக்கு உழவு என்றும் பொருள், உபகாரம் என்றும் பொருள். ஒன்று இருந்தமையாலேயே மற்றது நின்றது என்பதை இன்றைய உபதேசிகள் அந்தத் தலைப்பிலிருந்தாவது கற்றிருக்கலாம்.

அந்த அடித்தளம் இன்று இல்லை. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும்; இரண்டுக்கும் இடைப்பட்ட மணற்பட்டியிலே நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கின்றது. ஊர் எல்லையை மதிலைப் பார்த்தன்றிப் பெயர்ப்பலகையைப் பார்த்தே அறியவேண்டியுள்ளது. மூன்று தலைமுறை வளவைப் பிரித்த பின்னர் நான்காந் தலைமுறை பிரிப்பதற்கு நிலம் எங்கிருந்து வரும்? 1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்திற் பலர் வயலுக்குப் போக முடியாதவராயினர். பலர் வயலை விற்று மகனைக் கடல் கடத்தினர். நிலம் குறைந்தது, சீதனமோ குறையவில்லை, கூடிற்று. ஓலை வீடு போதாதென்று கல்வீடு, கல்வீடு போதாதென்று தட்டு வீடு, அதற்கு மேல் ரொக்கம், அதற்கும் மேல் மாப்பிள்ளைக்கு ஒரு வாகனம். முன்னர் ஒரு பகுதியைக் கொடுத்து மறு பகுதியைக் கையில் வைத்திருந்த பெற்றோர் இன்று ஒரே மகளுக்காக முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்கின்றனர். இரண்டாவது மகள் உள்ள வீடுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இங்கேதான் மகன் வருகின்றான். ஊரவர் வாயில் அதிகம் வசைபடுபவன் அவனே. கட்டாருக்குப் போனவன் பெற்ற தாயை மறந்தான். சுவிசுக்குப் போனவன் வெள்ளிக்கிழமை எடுக்கும் தொலைபேசியையும் நிறுத்திவிட்டான். சரி, அவனுடைய பத்து ஆண்டுகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். இருபது வயதிற் கடன்பட்டு அனுப்பப்படுகின்றான். அனுப்பும் பணம் மூத்த சகோதரியின் வீட்டுக்கு அத்திவாரமாகின்றது. பின்னர் இளையவளின் வீட்டுக்குக் கூரையாகின்றது. அவன் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் முதல் இரண்டு நிமிடம் சுகம் விசாரிப்பு. எஞ்சியது சீமேந்து, கம்பி, மேசன் கூலி. முப்பது வயதில் விடுமுறையில் வந்து இறங்கும் அவன், தான் கட்டிய இரு வீடுகளுள் எதிலும் உரிமையாக ஒரு பாயை விரிக்க முடியாதவன். இரண்டும் மைத்துனர்மாரின் வீடுகள். பின் அவனுக்கும் கலியாணமாகின்றது. அவன் மூன்றாவதாக ஒரு வீட்டுக்குப் போகின்றான். அங்கே அவ்வீட்டைக் கட்டிய மைத்துனன் ஒருவன் பாயின்றி நிற்கின்றான். தனக்கு நேர்ந்ததைத் தானே இன்னொருவனுக்குச் செய்யும் இந்தச் சங்கிலியில், தாயோடு அவனுக்கு எஞ்சிய பேச்சு எதுவாக இருக்க முடியும்? பத்து ஆண்டு பணத்தைப் பற்றி மட்டுமே பேசிய இருவர், பணம் தீர்ந்ததும் பேச்சற்றுப் போவது வியப்பன்று. அம்மௌனத்தை நன்றியின்மை என்று அழைப்பது இலகு. அது உறவையே பணவிடையாக மாற்றிய ஓர் அமைப்பின் இயல்பான முடிவு என்று காண்பதற்குச் சற்று நேர்மை வேண்டும்.

மகன் மட்டுமன்று. எழுபதுகளின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் அம்மம்மாவின் மடியில் வளர்ந்தவர்கள். தாயின் குரல் அவர்களுக்கு முதலில் ஒலிநாடாவில் வந்தது. பின்னர் தொலைபேசியில் வந்தது. உடல் தளர்ந்து திரும்பிய அத்தாய், வளர்ந்துவிட்ட மகளிடம் எதிர்பார்க்கும் நெருக்கம் அங்கே இல்லை. அவள் தன் மகளுக்குச் சீதன வீடு கட்டவே போனாள், வீடு கிடைத்தது. யார் யாரைக் கைவிட்டார் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல முன்வருபவர், அவளை விமானத்தில் ஏற்றியது எது என்றும் சொல்லக் கடமைப்பட்டவர்.

2004 டிசெம்பர் 26 இன் பேரலை இவ்வமைப்பின் உள்ளெலும்பை வெளியே காட்டிற்று. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. உயிர் தப்பியோர்க்குக் கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டத் தடை வந்தது; முதலில் வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் எனப்பட்ட தடை வலயம் கல்முனைக் கரையிற் பின்னர் 65 மீற்றர் ஆயிற்று. மருதமுனையில் அந்த அளவே ஒரு குடியிருப்பின் பெயராக நிலைத்துவிட்டது. உடைந்த வீடொன்றுக்குப் புதிய வீடொன்று என்பது கொள்கை. கேட்பதற்கு நியாயமானதே. ஆனால் உடைந்தது வீடா, வளவா? ஒரு வளவில் மகள் குடும்பமும், அதன் மூலைக் கொட்டிலிற் பெற்றோரும், பின்புறத்திற் கலியாணத்துக்குக் காத்திருந்த இளையவளுக்காக எழுந்த அரைச் சுவரும் இருந்தன. பட்டியலில் ஒரு குடும்பத் தலைவன், ஒரு வீடு. தாய் வழியாகப் பெண்களிடம் இருந்த உரிமை, குடும்பத் தலைவன் என்ற சொல்லாற் பல இடங்களில் ஆண்களின் பெயருக்கு மாறியது என்பதைப் பெண்ணுரிமையாளர் அன்றே சுட்டிக்காட்டினர்.

பெரியநீலாவணையில் எழுந்த சுனாமித் தொடர்மாடிக் குடியிருப்பையும் இந்தக் கண்ணோடு பார்த்தல் வேண்டும். தொடர்மாடி வசதியற்றதென்று குறை கூறுவது இங்கு நோக்கமன்று. மேல் மாடியில் வளவு இல்லை, மூலையும் இல்லை. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு ஒரு கொட்டிலைப் போட்டுக்கொள்ளும் அந்தப் பழைய ஏற்பாடு, அதாவது பிரிந்தும் பிரியாமலும் இருக்கும் அந்த அருமையான தூரம், அங்கே செங்குத்தாக நின்றுவிடுகின்றது. ஒரே அடுப்பில் இரு பெண்கள், ஒரே அறைக்கு அப்பால் மருமகன், முழங்கால் நோவோடு படியிறங்க முடியாத முதியவர். அங்கே எழும் சச்சரவுக்குக் குணக்கேட்டைக் காரணங் காட்டுபவர், பத்தடி நிலம் இருந்திருந்தால் அச்சச்சரவுகளுட் பல எழுந்தேயிரா என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

அரசு என்ன செய்தது? 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்று விதித்தது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத 60 வயதைக் கடந்த பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரிப் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமோ, மீளப்பெற முடியாதெனக் கொடுத்த நன்கொடை உறுதியையும் பாரிய நன்றியின்மை என்ற காரணத்தின் பேரில் நீதிமன்றின் மூலம் நீக்குவதற்கு வழி வைத்தது. ஆகவே மேடைப் பேச்சாளரின் ‘நன்றி’ சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஆனால் பெற்ற மகளை நன்றி கெட்டவள் என்று மன்றிலே நிரூபிக்க எந்தத் தாய் கல்முனைக்கு வண்டியேறுவாள்? ஏறுபவள் மகளை ஏற்கனவே இழந்தவள். வழக்கில் வென்றால் அவளுக்குச் சுவர் கிடைக்கும். இச்சட்டங்கள் வேண்டாதவை அல்ல. அவை சாவீட்டுக்கு வரும் வைத்தியர்கள். உழவர்க்கென 1987 இலும் மீனவர்க்கென 1990 இலும் சட்டமாகிய ஓய்வூதியத் திட்டங்கள் நிறைவாக வளர்ந்திருந்தால் அது வேறு கதை. வறிய முதியோர்க்கு அரசு வழங்கிய கொடுப்பனவு பல ஆண்டுகளாக மாதம் 2,000 ரூபாவாகவே இருந்தது. அதைக் கொண்டு மகளின் வீட்டில் ஒருவர் நிமிர்ந்திருக்க முடியாது.

இத்தனையும் பொருளாதாரக் காரணங்களே, மனிதரின் குணத்துக்கு இதில் இடமே இல்லையா என்று கேட்போர் உளர். உண்டு. குடித்துத் தாயை அடிப்பவனும், கையெழுத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துபவளும் இருக்கின்றனர்; அவர்களுக்காக வாதாட எவரும் முன்வரவேண்டியதில்லை. ஆனால் குணத்தைப் பற்றிப் பேசுவதாயின் இரு பக்கமும் பேசவேண்டும். தான் விரும்பியவனை மணந்ததற்காக மகளின் பெயரையே வீட்டில் உச்சரிக்கக் கூடாதென்று தடுத்த தந்தை, இருபது ஆண்டுகளின் பின் நோயுற்றுக் கிடக்கையில் அவள் வரவில்லையென்று ஊரைக் கூட்டுவது எவ்வகை நியாயம்? மாற்றுக் குடியில், மாற்றுச் சாதியில், மாற்று மதத்தில் மணம் முடித்தமைக்காக வெட்டிவிடப்பட்ட பிள்ளைகள் இக்கரையின் இரு சமூகங்களிலும் இருக்கின்றனர். அங்கே கதவைச் சாத்தியவர் பெற்றோர். பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளை 1995 ஆம் ஆண்டின் சட்டத்தால் கட்டுப்படுத்தி வந்த சிங்கப்பூர்கூட, பிள்ளையைத் துன்புறுத்திய அல்லது கைவிட்ட பெற்றோர் அனுமதியின்றி உரிமை கோர முடியாதவாறு 2023 இல் அச்சட்டத்தைத் திருத்திற்று. சில விலகல்கள் காயத்தின் மேல் வளர்ந்த தோல் என்பதை ஓர் அரசே ஏற்றுக்கொண்டிருக்கின்றது. ஊர்ப் பெரியவர்கள் ஏற்பதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகும்?

பல்கலைக்கழகத்துக்கு இவ்விடயத்தில் ஒரு தனிப் பங்குண்டு. பேராதனைக்கோ, வந்தாறுமூலைக்கோ, ஒலுவிலுக்கோ பிள்ளையை அனுப்பிய பெற்றோர் அவனை ஒரு முறை இழக்கின்றனர். அவனது மொழி மாறுகின்றது, வீட்டுக்கு வரும் நாட்கள் விருந்தாளியின் நாட்களாகின்றன. அது கல்வியின் விலை எனலாம். இரண்டாம் முறை இழப்பதுதான் வெட்கத்துக்குரியது. வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் தனித்தனிச் சீதன விலை நிர்ணயிக்கப்பட்டிருப்பதை அறியாத மாணவர் ஒருவருமிலர். சமத்துவம் பற்றி மூன்று ஆண்டுகள் விவாதித்தவர், நான்காம் ஆண்டின் இறுதியில் ‘வீட்டாரின் விருப்பம்’ என்று கூறி ஒரு வீட்டையும் அதன் உரிமையாளரான இரு முதியவரையும் ஒருங்கே பெற்றுக்கொள்கின்றார். பின்னர் அம்முதியவர் தமக்கு இடைஞ்சல் என்கின்றார். நன்றி கெட்டவர் என்ற சொல்லை எவர் மீதாவது வீசியே தீரவேண்டுமெனின், அதற்குரிய இலக்கு கட்டாரிற் சீமேந்துக் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தொழிலாளியன்று.

சீதனத்தை ஒரே நாளில் ஒழிக்க முடியாது என்பர். அது மெய்யாக இருக்கலாம். ஆனால் உறுதியில் ஒரு வாசகத்தை எழுத முடியும். வீட்டை மகளுக்குக் கொடுக்கையிற் கொடுப்பவர் இருவரும் தம் ஆயுட்காலம் முழுவதும் அதில் இருந்து அனுபவிக்கும் உரிமையைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். நாட்டின் பொதுச் சட்டம் இதற்கு இடந்தருகின்றது. இது முஸ்லிம்களின் நன்கொடை முறைக்கு ஒவ்வாதென்று கூறித் தப்பவும் வழியில்லை. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அனுபவ உரிமையை ஒதுக்காத நன்கொடைகளை மட்டுமே முஸ்லிம் சட்டத்துக்கு உட்படுத்திற்று. அவ்வாறு ஒதுக்கியவற்றுக்குப் பொதுச் சட்டமே உரியது. ஆகவே தடையாக நிற்பது மதமுமன்று, சட்டமுமன்று. கலியாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் ‘சுத்தமான உறுதி’ கேட்கின்றனர். சுத்தம் என்பதற்கு அங்கே ஒரே பொருள்தான்: பெற்றோரின் பெயர் எந்த வடிவிலும் அதில் எஞ்சியிருக்கக் கூடாது. அவ்வாசகம் இருந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பெண்ணின் தாய் அஞ்சுகின்றாள். அச்சம் நியாயமானது; அவளுக்கு வேறு வழியில்லை. வழியுள்ளவர் எதிரே அமர்ந்திருக்கும் பட்டதாரி. பெண்ணின் பெற்றோர் எந்த அறையில், எந்த உரிமையோடு இருப்பார்கள் என்று அவர் அன்றே வாய் திறந்து கேட்கலாம். அந்த வாசகத்தை எழுதியே கொண்டு வாருங்கள் என்றும் சொல்லலாம்.